அம்மாவுக்கு 63 வயது, சிலம்பம் படிக்கிறேன் என்கிறார். அனுப்பலாமா?

பொருநை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் பின்வாசல் படியில் பாசி வழுக்கி, உட்கார்ந்த மேனிக்கு விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இடுப்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9. கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, "இனிமே பார்த்து நடங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் "பார்த்து நடங்க" தான் இப்போது பெரிய பாடாகிவிட்டது. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவதை நிறுத்திவிட்டார். தூறல் விழுந்தால் வாசல் தாண்டுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் கவனித்தேன்: கூடத்திலிருந்து அடுப்படி வரை, சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு அழுக்குக் கோடு ஓடுகிறது. அவர் கை பிடித்துப் பிடித்து நடந்த தடம். வருடா வருடம் வெள்ளையடித்து, ஆணி அடிக்கக்கூட விடாமல் வைத்திருந்த சுவர் அது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படி இருந்தவர் போன வாரம் போன் செய்து, "பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துல காலையில சிலம்பம் சொல்லிக்கொடுக்காங்க. நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்களும் வாங்கம்மான்னு அந்த ஆசான் கூப்பிடுதாரு. போகட்டுமா?" என்று கேட்கிறார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அண்ணன் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறான். சின்ன வயதில் அம்மா எந்த விளையாட்டும் விளையாடியவர் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறார், சர்க்கரை இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல் எழுதியது:

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. காரணத்தோடு சொல்கிறேன்.

என் அம்மா 68 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தார். அறுவை சிகிச்சை, ஆறு வாரம் படுக்கை, அப்புறம் வாக்கர். பழைய நடை திரும்பவே இல்லை. ஒன்றரை வருடம்தான் இருந்தார். அந்த ஒன்றரை வருடத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். எலும்பு மெலிந்தவரைக் கம்போடு மைதானத்தில் நிறுத்துவது எனக்கு நெஞ்சு பதறுகிற விஷயம். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். நடைப்பயிற்சியை மிஞ்சியது எதுவும் இல்லை.

வாசல்கோலம் எழுதியது:

பொருநை, நான் மதுரை. 64 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். சிலம்பம் படிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. உங்கள் அம்மாவின் இடத்தில் நின்று பேசுகிறேன்.

எனக்கு விழுந்த அனுபவம் இல்லை. விழுந்துவிடுவேனோ என்ற பயம் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும். பயந்தவள் அடியைக் குறுக்குவாள். அடி குறுகினால் கால் தூக்குவது குறையும். தூக்காத கால்தான் மிதியடியில் தட்டும். வீட்டிலேயே இருந்தால் தொடை வற்றும். தொடை வற்றினால் நாற்காலியிலிருந்து கையூன்றி எழ வேண்டி வரும். ஒரு வருடத்தில் அத்தனையும் என் கண்முன்னே நடந்தது.

முதல் நாள் நான் போனது ஒரு வேறு இடம். அங்கே பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொன்னார்கள். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, நமக்கெதற்கு இதெல்லாம் என்று அழுதேன். மறுபடி வேறொரு ஆசானிடம் போக ஐந்து மாதம் ஆனது. அவர் முதல் நாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செருப்பக் கழட்டிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்கம்மா." என்னால் மூன்று நொடி நிற்க முடியவில்லை. கம்பைக் கையில் கொடுத்தார். சுற்ற அல்ல, ஊன்றிக்கொள்ள. அதை ஊன்றிக்கொண்டு வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி நிற்பதுதான் முதல் பத்து நாள் பாடம்.

கம்பு சுற்றுவதை வீடியோவில் பார்ப்பவர்களுக்குக் கைதான் தெரியும். படித்தவர்களுக்குத் தெரியும், அது காலடிக் கலை என்று. முன் வைத்தல், பின் வாங்கல், பக்கத்தில் விலகல், திரும்பி நிற்றல். கால் சரியாக விழுந்தால்தான் வீச்சு விழும். இந்த வயதில் நமக்கு வேண்டியது அந்தக் கால்தான்.

அதனால் என் பதில்: அனுப்புங்கள். ஆனால் ஆசானைப் பார்த்து அனுப்புங்கள்.

இயன்முறை எழுதியது:

நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். முதியோர்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நொய்யல் சாருக்கு முதலில் ஒரு வார்த்தை: உங்கள் அம்மாவுக்கு நடந்தது மிகவும் வேதனை. இடுப்பு முறிவுக்குப் பிறகு பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பது உண்மை. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நடைப்பயிற்சி இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனதுக்கு எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் விழாமல் இருக்க அது மட்டும் போதாது. நடப்பது எப்போதும் முன்னோக்கித்தான். வயதானவர்களின் இடுப்பு பெரும்பாலும் முறிவது பக்கவாட்டில் விழும்போது. குழாயடியில் திரும்பும்போது, யாரோ கூப்பிட்டதும் சட்டென்று பின்னால் பார்க்கும்போது, கட்டிலிலிருந்து எழுந்து ஒரு அடி விலகும்போது. அந்த நேரத்தில் ஒரு காலை டக்கென்று பக்கத்தில் எடுத்து வைத்து உடம்பைத் தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். அதை நேர்ச் சாலையில் நடந்து பழக முடியாது.

இதற்கு நல்ல ஆராய்ச்சி தாய் சியில்தான் நடந்திருக்கிறது. இன்று பூங்காவில் மெதுவாகச் செய்வதால் உடற்பயிற்சி மாதிரி தெரிகிறது, ஆனால் பிறப்பால் அதுவும் சீனப் போர்க்கலைதான். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட, விழும் அபாயம் உள்ள 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சமநிலைக்கென்று வடிவமைத்த தாய் சி, இன்னொன்றுக்குப் பலவகை உடற்பயிற்சி, மூன்றாவதற்கு வெறும் தசை நீட்டல். வாரம் இரண்டு நாள், ஆறு மாதம். நீட்டல் செய்தவர்களோடு ஒப்பிட்டால் தாய் சி குழுவில் விழுந்த எண்ணிக்கை 58 சதவீதம் குறைவு. பலவகைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. 2018இல் வெளிவந்தது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, உடம்பைத் திருப்புவது, கண் ஒரு பக்கம் போகக் கை இன்னொரு பக்கம் போவது என்று அதில் இருப்பதெல்லாம் சிலம்பக் காலடியிலும் இருக்கிறது. ஆனால் வேகம் வேறு. அதனால் அந்த எண்ணை அப்படியே சிலம்பத்துக்குத் தூக்கி வைக்க மாட்டேன்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிலம்பம் கற்றால் எலும்பு அடர்த்தி ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிரம்புக் கம்பு லேசானது. எலும்பு கூட வேண்டுமென்றால் அதன் மேல் கனம் விழ வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த 101 பெண்களை வைத்துச் செய்த சோதனையில், கண்காணிப்போடு கனமான எடை தூக்கவைத்தபோதுதான், வாரம் இரண்டு முறை அரை மணி நேரமே என்றாலும், எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் ஏறியது. எடைப் பயிற்சி தனி. சிலம்பம் கொடுப்பது சமநிலை, தோள் அசைவு, வேகம், தைரியம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

பொருநை, டி-ஸ்கோர் மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் அதை எலும்பு மெலிவு என்போம். மைனஸ் 2.5, அதற்கும் கீழே போனால்தான் எலும்புப்புரை. அம்மாவுடைய 1.9 இடைப்பட்டது. இதற்குத் தடை சொல்லத் தேவையில்லை. ஆனால் முன்னால் முழுக்கக் குனிந்து, குனிந்தபடியே இடுப்பை முறுக்குவது மட்டும் வேண்டாம். முதுகெலும்பு நசுங்க அதுதான் வழி. குதிக்கும் வரிசைகளும் இப்போதைக்கு வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யக் கூடாது, ரத்த அழுத்தம் இருப்பதால்.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு.

பொருநை எழுதியது:

இன்று வீடியோ அழைப்பில் செய்து பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட நிற்கச் சொன்னேன். 14 நொடி. எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். திரும்புகிற இடத்தில் நின்று, நாலைந்து குட்டி அடி வைத்துத் திரும்பினார். நான் இவ்வளவு நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

பனைமரம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 67 வயது. இங்கே பனிக்காலத்தில் வாசலில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். வந்த புதிதில் இரண்டு தரம் விழுந்தேன். ஒரு தரம் மணிக்கட்டு உடைந்தது. அதற்குப் பிறகு நவம்பர் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் வீட்டுக்குள்ளேதான். மகன் வேலைக்குப் போய்விடுவான், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஒரு சொல் கதைக்க ஆள் இல்லை. மனம் எவ்வளவு தூரம் போகும் என்பது அப்படி இருந்தவைக்குத்தான் தெரியும்.

சீன அயல்வீட்டுக்காரி ஒருத்திதான் என்னை இழுத்துக்கொண்டு தாய் சி வகுப்புக்குப் போனாள். இந்த ரொறன்ரோவில் 1970இலேயே தாய் சிக்கு ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள், அதனால் எந்தப் பக்கம் போனாலும் வகுப்பு இருக்கும். எனக்கு ஆங்கிலமும் சரளமில்லை, சீனமும் தெரியாது. முன்னுக்கு நிற்கிறவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். 1956இல் சீனாவில் எல்லாரும் பழகலாம் என்று சுருக்கி வைத்த 24 அசைவு வரிசை ஒன்று இருக்கிறது. அதில் தங்கச் சேவல் ஒற்றைக் காலில் நிற்பது என்று ஒன்று வரும். அது வர எனக்கு ஒன்பது மாதம் எடுத்தது. வந்த அன்றைக்கு என்னோடு நின்ற பதினாறு பேரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டினது அதுதான் முதல் தரம். கலியாணத்திலும் இல்லை, பிள்ளை பெற்றபோதும் இல்லை.

பிள்ளை, அம்மாவுக்கு உடம்பை மட்டும் பார்க்காதையுங்கோ. அப்பா இல்லாத வீட்டில் விடியக்காலமை எழும்ப ஒரு காரணம் வேணும். ஆறு மணிக்கு ஒருத்தர் தன்னை எதிர்பார்த்து நிற்கிறார் என்றால் இரவு நித்திரையும் வரும்.

வாசல்கோலம் எழுதியது:

பனைமரம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே இருந்தேன். எனக்கும் அதேதான். காலை ஆறு மணி வகுப்புக்கு ஐந்தேகாலுக்கு எழுந்துவிடுவேன். ஒரு நாள் போகவில்லை என்றால் கூடப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நிற்பான், "ஏன் பாட்டி வரல?" என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசை மறந்து போவது. முதலில் நாலு காலடி சேர்ந்தாற்போல வந்தால் ஐந்தாவது மறந்துவிடும். கணக்கு ஆசிரியைக்கே இப்படியா என்று மனசு கலங்கும். வீட்டில் தோசைக்கரண்டியை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே அடி வைத்துப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் சலாவரிசை, அதாவது வணக்கம் வைக்கும் வரிசை, முழுதாக, யாரையும் பார்க்காமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை வந்தது. புதிதாக ஒன்று இன்னும் மண்டையில் ஏறுகிறது என்பது இந்த வயதில் சாதாரணச் செய்தி இல்லை.

கம்புக்காரன் எழுதியது:

திண்டுக்கல் பக்கம் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் இப்போது 50 தாண்டிய பெண்கள் ஒன்பது பேர் படிக்கிறார்கள். ஆறு வருடம் முன்னால் ஒருவர்கூட இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர்களுக்கு முதல் மாதம் கம்பு சுற்றுவது கிடையாது. காலடி மட்டும். தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டுவிடுவேன். கட்டத்துக்குள் கால் எங்கே விழ வேண்டும் என்று குறி இருக்கும். முதலில் பார்த்து வைப்பார்கள், அப்புறம் பார்க்காமல் வைப்பார்கள். இரண்டாம் மாதம் ஒற்றைக் கையில் கம்பைப் பக்கவாட்டில் சுற்றுவது. இடது கைக்கும் அதே அளவு. வாழ்நாள் முழுக்க இடது கையைத் துணைக்கு மட்டும் வைத்திருந்தவர்கள் அவர்கள், அதனால் இடது கைக்குப் பொறுமை வேண்டும். தலைக்கு மேல் சுற்றுவதைத் தோள் பார்த்துத்தான் கொடுப்பேன். தோள் இறுகிப் போனவர்கள் நிறைய. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் சீக்கிரம் இறுகும். வலிக்கிற இடம் வரை போய் அதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தச் சொல்வேன்.

கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. ஆரம்பத்தில் தோள் உயரத்துக்கு மெல்லிய பிரம்பு போதும். மூங்கில் வேண்டாம், கனம். பிரம்பு வளைந்து கொடுக்கும், கணுக்காலில் பட்டாலும் வலி குறைவு. படத்தான் செய்யும், முதல் இரண்டு மாதம் கெண்டைக்கால், முழங்கை, முட்டி எல்லாம் ஒரு தட்டு வாங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் சின்னத் தட்டும் பெரிதாகக் கன்றிவிடும்.

வெறுங்காலில் மண்ணில் ஆடுவதுதான் முறை. ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களை நான் வெறுங்காலில் விட மாட்டேன். கல் குத்தினால் அவர்களுக்குத் தெரியாது.

சண்டை, ஜோடி ஆட்டம் இவை கேட்டால் மட்டும், அதுவும் மெதுவாக. என்னிடம் படிக்கும் ஒரு அம்மா, பூ வியாபாரி, 59 வயது, இரண்டு வருடத்துக்குப் பிறகு எதிர்க் கம்பைத் தட்டிவிடுவதைக் கேட்டு வாங்கிப் படித்தார். முதல் தட்டுச் சத்தம் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

மெரினா எழுதியது:

நல்ல இழை. விழுவதைப் பற்றிப் பேசுகிறோம், விழக் கற்பதைப் பற்றியும் பேச வேண்டும். நான் கல்லூரியில் ஜூடோ ஆடியவள், இப்போது 56.

ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, உடம்பை உருட்டி, முன்கையால் தரையைத் தட்டி விழுவது. நெதர்லாந்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பக்கவாட்டில் விழும்போது இந்த முறையில் விழுந்தால் இடுப்பில் இறங்கும் அடி கால் பங்குக்கு மேல் குறைகிறது. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித் தரலாமா என்றும் அவர்களே ஆராய்ந்தார்கள். தடிமனான மெத்தை, இடுப்புக் கவசம் இரண்டும் வேண்டும், நின்ற நிலையிலிருந்து முன்னால் விழும் பயிற்சி கூடாது என்பது அவர்கள் முடிவு. ஆகவே யூடியூப் பார்த்து வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஜூடோ என்றதும் எனக்கு கெய்கோ ஃபுகுடாதான் நினைவுக்கு வருவார். 1913இல் ஜப்பானில் பிறந்தவர். பெண் என்பதாலேயே பல ஆண்டுகள் கறுப்புப் பட்டையின் ஐந்தாவது படியில், ஐந்தாவது டானில், நிறுத்தி வைத்திருந்தார்கள். 1972இல் தான் ஆறாவது. சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென்று பள்ளி நடத்தினார். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாவது டான் கொடுத்தது. உலகில் அதை எட்டிய முதல் பெண் அவர். கடைசிக் காலம் வரை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். 2013இல், 99 வயதில் காலமானார்.

எல்லையோரம் எழுதியது:

பாலக்காட்டிலிருந்து எழுதுகிறேன். வடகரை மீனாட்சி அம்மாவை இங்கே யாரும் சொல்லவில்லையே. எழுபது வயது தாண்டியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளும் கேடயமுமாகக் கேரளப் போர்க்கலையான களரியில் இறங்கியவர், 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் பல பெண்கள் வாசல் தாண்டினார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் ஏழு வயதில் ஆரம்பித்தவர். நாம் அறுபதில் ஆரம்பிக்கிறோம். நான் 57 வயதில் அவரை நினைத்துக்கொண்டே களரிக்குப் போய், மெய்ப்பயிற்சியில் தாழ உட்கார்ந்து எழுந்து, மூன்றே வாரத்தில் முழங்கால் வீங்கி நின்றேன். ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருந்தது, அதைக் குருக்களிடம் சொல்லாதது என் தவறு. இப்போது தாழ்வு நிலைகளை விட்டுவிட்டு, உயர நின்றபடி செய்வதை மட்டும் செய்கிறேன். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்குக் களரியைவிடச் சிலம்பமோ தாய் சியோ சுலபம் என்பது என் அனுபவம்.

முல்லை எழுதியது:

இதைக் கேட்கவே புதிதாகக் கணக்கு தொடங்கினேன். எனக்கு 58. சிலம்ப வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் வேகமாக அடி வைக்கும்போது சிறுநீர் கசிகிறது. தும்மினாலும் வரும். சேலையில் தெரிந்துவிடுமோ என்று வகுப்பு முழுக்க அதே நினைப்பு. ஆசான் ஆண், அவரிடம் எப்படிச் சொல்வது? விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இயன்முறை எழுதியது:

முல்லை அம்மா, கேட்டதற்கு நன்றி. என்னிடம் வரும் பெண்களில் பலர் இதைக் கடைசி நிமிடத்தில், கதவைத் திறந்துகொண்டு போகும்போதுதான் சொல்வார்கள். பிரசவம், வயது, மாதவிடாய் நின்றது எல்லாம் சேர்ந்து இடுப்புக் குழியின் அடித்தளத் தசை தளர்வதால் வருவது இது. உங்கள் தவறு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பயிற்சியாலேயே குறையும்.

சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி விடுங்கள். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நிஜமாகச் சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். காலடி எடுத்து வைப்பதற்குச் சற்று முன்னால் அதே இறுக்கத்தைக் கொடுத்துப் பழகுங்கள். வகுப்புக்கு முன் கழிப்பறை போய்விட்டு வாருங்கள், ஆனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். கீழே எதோ இறங்குவது போலக் கனமாக இருந்தால் கர்ப்பப்பை இறக்கமா என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எரிச்சலோ ரத்தமோ இருந்தாலும் அப்படியே.

ஆசானிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "குதிக்கிறது எனக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்காங்க" என்றால் போதும்.

கம்புக்காரன் எழுதியது:

முல்லை அம்மா, ஒரு ஆசானாகச் சொல்கிறேன். என் வகுப்பில் பெண்கள் கை தூக்கிவிட்டு விலகிப் போகலாம், ஏன் என்று நான் கேட்க மாட்டேன், பிள்ளைகளையும் கேட்க விட மாட்டேன். உங்கள் ஆசானும் புரிந்துகொள்வார். விட்டுவிடாதீர்கள்.

வாசல்கோலம் எழுதியது:

முல்லை, எனக்கும் இருந்தது. சேலையை விட்டுக் கருநீலச் சுடிதாருக்கு மாறினேன், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அந்தப் பயிற்சியை தினமும் பேருந்துக்குக் காத்திருக்கும்போது செய்தேன். இப்போது அது பற்றிய நினைப்பே வருவதில்லை. தனிமடலில் பேசுங்கள்.

நொய்யல் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். இதெல்லாம் படித்துவிட்டுத் தெருவில் சங்கிலி பறிக்க வருபவனை எதிர்த்து நின்றுவிட மாட்டார்களா? செய்தியில் பார்க்கிறோமே.

மெரினா எழுதியது:

நொய்யல் சார், நியாயமான கேள்வி. நான் சொல்லித் தருவது: வண்டியில் வந்து இழுத்தால் விட்டுவிடு. சங்கிலியைப் பிடித்துத் தொங்கினால் தரையில் இழுபட்டுத் தலையில் அடிபடும். நகை போனால் போகட்டும். பயிற்சி கொடுப்பது அதற்கு முந்திய விஷயத்தை. நிமிர்ந்து நடப்பது, பின்னால் வண்டிச் சத்தம் வேகம் குறைந்தால் உடனே திரும்பிப் பார்ப்பது, ஓரமாக இரண்டு அடி விலகிவிடுவது, வயிற்றிலிருந்து சத்தம் போடுவது. நம்மில் பலருக்குக் கத்தவே வராது. வகுப்பில் முதல் தடவை கத்தச் சொன்னால் இருமல் மாதிரி ஒன்றுதான் வரும். அதைப் பழக்க இரண்டு வாரம் ஆகும்.

நொய்யல் எழுதியது:

சரி. என் அம்மாவைக் கட்டிலிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டதுதான் பாசம் என்று நினைத்திருந்தேன். முதல் தடவை தடுக்கியபோது, அது முறிவதற்கு ஒரு வருடம் முன்னால், யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்று இப்போது தோன்றுகிறது. பொருநை, நான் முதலில் எழுதியதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பொருநை எழுதியது:

நொய்யல் அண்ணா, நீங்கள் எழுதியதால்தான் எங்கள் வீட்டில் நிதானமாகப் பேச முடிந்தது. உங்கள் பதிவைத்தான் முதலில் அண்ணனுக்குக் காட்டினேன், அப்புறம் மற்றவை.

அண்ணனே அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஆசானைப் பார்த்துவிட்டு வந்தான். கம்புக்காரன் ஐயா சொன்னவற்றை எழுதி எடுத்துப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். குதிக்க வைக்க மாட்டேன், முதலில் காலடிதான் என்றாராம். டாக்டரிடமும் கேட்டோம், சம்மதித்தார், வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். பின்வாசல் படியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பக்கத்தில் ஒரு கம்பி பொருத்தியாயிற்று.

பொருநை எழுதியது (மூன்று மாதம் கழித்து):

பலர் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன்.

அம்மா வாரம் ஐந்து நாள் போகிறார். முதல் வாரம் கால் வலி, இரண்டாம் வாரம் "அந்தப் பொடிசுங்க சிரிக்குதுங்க" என்று இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது நாள் ஆசானின் மனைவி வீட்டுக்கு வந்து கூட்டிப் போயிருக்கிறார். அப்புறம் நிற்கவில்லை. ஒரு தடவை கம்பு பட்டு முட்டி வீங்கியது, ஐஸ் வைத்தார், மறுநாளும் போனார்.

அதே நாற்காலி, அதே மூன்று மீட்டர்: 14 நொடி இப்போது 10. கை ஊன்றாமல் எழுகிறார். திரும்பும்போது நிற்பதில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்கிறார், வாஷ்பேசினைப் பிடிக்காமல் எட்டு நொடி வருகிறதாம். தூக்க மாத்திரை கேட்பதை நிறுத்திவிட்டார். அழுகை முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், அப்பாவின் திதி அன்று நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஆனால் அன்று காலையும் வகுப்புக்குப் போய்விட்டு வந்துதான் சமைத்திருக்கிறார்.

இந்த வாரம் மாடியில் கூழ்வற்றல் பிழிந்து போட்டோ அனுப்பினார். ஓரத்தில், துணி காயும் கொடியில் சாய்த்து வைத்த கம்பு தெரிகிறது. காக்கா விரட்டவும் ஆகிறதாம்.

இயன்முறை மேடம், எடைப் பயிற்சி பற்றிச் சொன்னீர்களே, அம்மா அதையும் கேட்கிறார். பாளையங்கோட்டைப் பக்கம் பெண்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டிலேயே ஆரம்பிப்பதென்றால் எத்தனை கிலோவில் ஆரம்பிக்கலாம்?

இயன்முறை எழுதியது:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கம். வீட்டில் தனியாகக் கனமான எடை வேண்டாம். நாற்காலியிலிருந்து கை கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது, ஒரு தடவைக்கு எட்டு, மூன்று தடவை. அது சுலபமானதும் இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சாப்பாட்டில் ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ தயிரோ இருக்கட்டும், எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சிய குழம்போடு முடித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். நெல்லையில் எனக்குத் தெரிந்த பெண் பிசியோ ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன்.